அச்சுக் கட்டையும் அடைத்த கதவும்

1930களின் தொடக்கத்தில், தோக்கியோ நகரத்து மரக்கட்டைப் பட்டறை ஒன்றில், நமது மதுரை அச்சேறிற்று. புலவர் பாடிய மதுரையன்று. புராணிகர் கதை கட்டிய மதுரையுமன்று. செர்ரி மரப் பலகையிலே உளி கொண்டு வெட்டப்பெற்று, அரிசிப் பசை கலந்த நீர்வண்ணம் பூசப்பெற்று, முசுக்கட்டை நாரால் ஆன தாளிலே கையால் தேய்த்து எடுக்கப்பெற்ற மதுரை அது. மதுரையின் பெருங்கோயில் என்று அதற்குப் பெயர் சூட்டி, அடியிலே தம் கையெழுத்தையும் இட்டு, உலகச் சந்தைக்கு அனுப்பி வைத்தவர் ஹிரோஷி யோஷிடா என்னும் ஜப்பானிய ஓவியர்.

கொட்டாம்பட்டியில் இருந்துகொண்டு ஜப்பான் நாட்டு ஓவியரை ஆராய்வானேன், உள்ளூரில் பேச வேறு பொருளே இல்லையா என்று கேட்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. இருக்கிறது, நிறைய இருக்கிறது. உள்ளூர்ப் பொருளைப் பேசத்தான் இந்த ஓவியரையே அழைக்கிறோம். நம் வீட்டை அயலான் எப்படிப் பார்த்தான், எதைப் பார்த்தான், எதைப் பாராமல் போனான் என்று அறிவது நம் வீட்டை நாமே அறிவதற்கு ஒரு வழி. அன்றியும், கை உழைப்பைத் தாழ்வென்று கருதும் நோய் பிடித்த நம் நாட்டில், உளியும் பலகையுமே உயிராக வாழ்ந்த ஒரு கலையின் கதை கேட்கத் தக்கது.

முதலில் அந்தக் கலை யாது என்று பார்ப்போம். மரக்கட்டை அச்சோவியம் ஒருவர் செய்யும் வேலையன்று. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுருவம் வரைவார். செதுக்குபவர் அந்தத் தாளைப் பலகையின் மீது முகம் குப்புற ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்க, மற்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுப்பார். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலகை. அச்சிடுபவர் பலகையில் தூரிகையால் வண்ணம் தடவி, ஈரத் தாளை அதன் மேல் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார். பலகையின் மூலையிலும் விளிம்பிலும் வெட்டிய இரு சிறு பள்ளங்களில் தாளின் ஓரம் பொருந்த வேண்டும். மயிரிழை விலகினாலும் வானத்தின் நீலம் மலையின் தலையில் வழிந்துவிடும். இந்த மூவருக்கும் முதல் போட்டு, படத்தை விற்றுத் தருபவர் பதிப்பாளர். ஆக நால்வர். ஆனால் உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒருவர் பெயரைத்தான்.

ஹொகுசாய் (1760–1849), ஹிரோஷிகே (1797–1858) ஆகிய பெயர்களை அறிந்தவர் நம்மிடையே பலர். 1831ஆம் ஆண்டையொட்டி ஹொகுசாய் வெளியிட்ட பேரலைப் படத்தைக் காணாதவர் அரியர். அந்தக் காலத்தில் இந்தப் படங்களைச் சீமான்கள் மதிக்கவில்லை. வணிகனும் கைவினைஞனும் கூத்துப் பார்க்கும் நகரத்தானும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் சில்லறையைக் கொடுத்து வாங்கினர். நடிகர் படம், கணிகையர் படம், வழிநடைக் காட்சி, மலை, மழை என்று கடையில் தொங்கியது. 1842இல் அரசாங்கம் நடிகர், கணிகையர் படங்களுக்குத் தடை போட்டது என்றால், அவை மக்கள் கைக்கு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? யாரும் வாங்காத பொருளை எந்த அரசும் தடை செய்வதில்லை. ஹொகுசாயே இளமையில் கட்டை செதுக்கும் தொழிலில் பயின்றவர் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய மரபின் பின்னாளைய வாரிசு யோஷிடா. ஆனால் நேர் வாரிசு அல்லர். 1876ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கியூஷு தீவில் குருமே என்னும் ஊரில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் இரண்டாம் மகனாகப் பிறந்தார். பிறந்த குடும்பப் பெயர் உவேடா. பையனின் கைத்திறனைக் கண்ட ஓவிய ஆசிரியர் கசாபுரோ யோஷிடா 1891இல் அவரை மகனாக ஏற்றுத் தம் பெயரைத் தந்தார். அதன்பின் கியோத்தோ, பிறகு தோக்கியோ. பயின்றது மேலைநாட்டு முறை ஓவியம். நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும். மரக்கட்டைப் பக்கம் அவர் திரும்பியது நாற்பது வயது கடந்த பிறகே.

அக்கால ஜப்பானிலும் சலுகை பெற்ற கூட்டம் ஒன்று இருந்தது. பிரெஞ்சு நாட்டில் பயின்று வந்த குரோடா செய்கியைச் சார்ந்தோர்க்கு அரசு உதவியும் அரசுப் பள்ளிப் பதவியும் கிடைத்தன. அரசுச் செலவில் பாரிசு செல்லும் வாய்ப்பும் கிடைத்தது. யோஷிடாவின் கூட்டத்துக்கு அந்த வாசல் திறக்கவில்லை. வாசலில் நின்று வணங்கிக் காத்திருந்தாரா? இல்லை. 1899இல் நண்பர் ஹாச்சிரோ நகாகவாவுடன், கையில் தம் படச் சுருளோடும் கொஞ்சம் காசோடும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆங்கிலம் அரைகுறை. டெட்ராய்ட் நகரின் கலைக்கூடத்தார் அந்தப் படங்களைக் கண்டு வியந்து காட்சிக்கு வைத்தனர். தாயகத்தில் ஓர் ஆசிரியர் பல ஆண்டு உழைத்தாலும் காணாத தொகை, சில வாரங்களில் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஐரோப்பா சென்று, எவர் தயவுமின்றிப் பாரிசையும் பார்த்துத் திரும்பினார். 1902இல் தம் தோழர்களோடு பசிபிக் ஓவியர் சங்கத்தை நிறுவினார். தன்மானம் என்ற சொல்லை மேடையில் முழங்குவது எளிது. கப்பல் சீட்டுக்கு ஒரு வழிப் பணம் மட்டும் வைத்துக்கொண்டு அதன்படி நடப்பது எளிதன்று.

1903இல் மறுமுறை அமெரிக்கா சென்றபோது வளர்ப்புத் தந்தையின் மகளான பூஜியோ உடன் சென்றார். அப்போது அந்தப் பெண்ணுக்கு 16 வயது. அவரும் ஓவியர், இருவர் படங்களும் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. 1907இல் இருவரும் மணம் புரிந்தனர். கணவர் நிழலில் மறைந்து போகாமல், நூறாண்டு அளவு வாழ்ந்து 1987இல் மறைந்த பூஜியோ, தமக்கென ஒரு நடையை வளர்த்துக்கொண்டவர். அவர்கள் மகன் ஹோடாக்காவின் மனைவி சிசுகோவும், பேத்தி அயோமியும் அச்சோவியர்களாகப் பெயர் பெற்றனர். மருமகளின் கையிலும் பேத்தியின் கையிலும் உளியைக் கொடுத்த குடும்பம் அது. நம் வீடுகளில் அகப்பை மட்டுமே கொடுத்துப் பழகியவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

மரக்கட்டைக்கு அவரை அழைத்தவர் பதிப்பாளர் ஷோசாபுரோ வாத்தானாபே. 1920இல் முதல் அச்சு வெளிவந்தது. மூன்றே ஆண்டு, 1923 செப்டம்பர் முதல் நாள் தோக்கியோவைப் புரட்டிய பெரும் பூகம்பத்தில் பதிப்பாளரின் கடையும், கட்டைகளும், அச்சிட்ட தாள்களும் எரிந்து சாம்பலாயின. அந்தத் துயரினூடே தம் படங்களையும் தோழர்கள் படங்களையும் எடுத்துக்கொண்டு, விற்று உதவி திரட்ட, அமெரிக்கா போனார் யோஷிடா. அங்கே ஒரு செய்தி அவர் கண்ணைத் திறந்தது. எண்ணெய் வண்ணப் படங்களைக் கண்டு அமெரிக்கர் தலையசைத்தனர். மரக்கட்டை அச்சைக் கண்டாலோ பணப்பையைத் திறந்தனர். 1925இல் நாடு திரும்பியவர் சொந்தப் பட்டறை போட்டார். செதுக்குவோரையும் அச்சிடுவோரையும் சம்பளத்துக்கு அமர்த்தினார். பதிப்பாளர் என்ற நான்காமவருக்கு விடை கொடுக்கப்பட்டது.

அதன் பிறகு அவர் படைத்தவற்றைக் கண்டு வியக்காதவர் கலை அறியாதவர் என்றே சொல்வோம். மொத்தம் ஏறத்தாழ 260 அச்சோவியங்கள். மலை ஏறுவதில் பெருவேட்கை உடையவர். ஜப்பானிய ஆல்ப்சு மலைகளில் வாரக் கணக்கில் கூடாரம் அடித்துத் தங்கி, விடியல் எப்படிப் பாறையில் இறங்குகிறது என்று பார்த்து வந்து வரைந்தவர். ஒரு மகனுக்கு மலையின் பெயரையே வைத்தார் என்றால் பித்து எவ்வளவு என்பது விளங்கும்.

அவருடைய பெருந்திறன் ஒளி. 1926இல் வெளிவந்த பாய்மரப் படகுப் படங்களை எடுத்துக்கொள்வோம். ஒரே கட்டைகள். கோடு மாறவில்லை, படகு நகரவில்லை. வண்ணத்தை மட்டும் மாற்றி, காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என ஆறு பொழுதுகளை அச்சிட்டார். காலைப் படத்தில் கடல் பொன்னாக உருகுகிறது. மூடுபனியில் அதே பாய் ஆவி போல நிற்கிறது. இரவில் அதுவே கரிய நிழல். மரத்தில் வெட்டிய கோடு கல்லில் வெட்டிய எழுத்துப் போன்றது, அதை மாற்ற இயலாது என்று எண்ணியிருந்தோர்க்கு, மாறாத கோட்டுக்குள் மாறும் காலத்தை ஊற்றிக் காட்டியவர் இவர். எகிப்தின் சிங்கமுகச் சிலையையும், சுவிட்சர்லாந்தின் மாட்டர்ஹார்ன் சிகரத்தையும் இப்படியே பகலிலும் இரவிலும் தந்தார்.

இதற்காக அவர் பட்டறை பட்ட பாடு கொஞ்சமன்று. முப்பது முறை வண்ணம் ஏற்றுவது அங்கே இயல்பு. சாம்பல் நிறக் கட்டையை அடியில் கொடுத்து, அதன் மேல் மற்ற வண்ணங்களை ஏற்றி, நிழலுக்கு ஆழம் தருவார். நிக்கோ நகரத்து யோமெய் வாயிலைக் காட்டும் 1937ஆம் ஆண்டு அச்சுக்கு 96 முறை தாள் கட்டையின் மீது இறங்கி எழுந்தது. தொண்ணூற்றாறு முறை! ஒரு முறை பிசகினால் முன்னே செய்த வேலை அத்தனையும் பாழ். அந்த ஈரத் தாளைப் பிடித்திருந்த விரல்களை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஏனெனில், நமது வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

யோஷிடாவின் அச்சுகளில் இடப்பக்க ஓரத்திலே இரண்டு எழுத்துகள் கொண்ட முத்திரை ஒன்று இருக்கும். ஜிசூரி என்று படிப்பார்கள். தானே அச்சிட்டது என்பது அதன் பொருள். அந்த முத்திரை உள்ள படத்துக்குச் சந்தையிலே தனி விலை. இல்லாததற்கு மாற்றுக் குறைவு. ஆனால் எல்லாத் தாளையும் அவரே அச்சிட்டாரா? இல்லை. பட்டறையில் அமர்ந்த கைவினைஞர் அச்சிட்டனர்; அவர் அருகே நின்று வண்ணம் பார்த்தார், ஈரம் பார்த்தார், சரியில்லை என்றால் மறுமுறை என்றார். செதுக்கவும் அச்சிடவும் அவருக்கு நன்றாகத் தெரியும். சில கட்டைகளைத் தாமே வெட்டியும் இருக்கிறார். அது உண்மை. 1939இல் இந்தத் தொழில்முறை முழுவதையும் விளக்கி ஆங்கிலத்தில் நூலே எழுதினார். தொழில் தெரியாதவர் அப்படி எழுத இயலாது. அதனால் முத்திரை முழுப்பொய் என்று நாம் கூறவில்லை. ஓவியருக்குத் தெரிந்ததைவிடக் கைவினைஞருக்கு மிகுதியாகத் தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கை. வரைவதோடு கை கழுவிக்கொண்டு, மற்றதைக் கூலிக்காரன் பார்த்துக்கொள்வான் என்ற பழைய மேட்டிமையை அது தகர்த்தது.

ஆயினும் கேட்கிறோம். மேற்பார்வை செய்தவன் தானே செய்தேன் என்று முத்திரை குத்தலாமா? நெல் விளைந்தது யாரால் என்று கேட்டால் வரப்பில் நின்றவர் மார்பைத் தட்டிக்கொள்வதை நாம் தினமும் காண்கிறோம். சேற்றில் நின்றவரை யார் கேட்டார்? பழைய எடோ நகரத்துப் பதிப்பாளர் செதுக்குவோர் பெயரை மறைத்தார். பதிப்பாளரை விலக்கிய யோஷிடாவோ அந்த நாற்காலியில் தாமே அமர்ந்தார். நால்வர் இருவராயினர்: முதலாளியும் வேலையாளும். அதே காலத்தில் ஜப்பானில் இன்னொரு கூட்டம் இருந்தது. 1904இல் கனாயே யமாமோத்தோ வெளியிட்ட மீனவர் படத்தோடு தொடங்கிய கூட்டம். தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட வேண்டும் என்பது அவர்கள் உறுதி. அவர்கள் படங்கள் யோஷிடாவின் படங்களைப் போல் மினுமினுக்கவில்லை, கரடுமுரடாக இருந்தன. ஆனால் முத்திரைக்கும் கைக்கும் இடையே அங்கே இடைவெளி இல்லை.

இது ஜப்பானியரை மட்டும் குறை சொல்லும் பேச்சன்று. மேலூரிலிருந்து திருச்சிச் சாலையில் கொட்டாம்பட்டிக்கு வரும் வழியிலே கருங்காலக்குடி இருக்கிறது. அங்கே குன்றின் குகைத்தளத்திலே சமணத் துறவியர்க்கு வெட்டிய கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. ஈராயிரம் ஆண்டுப் பழைமை என்று பெருமை பேசுகிறோம். ஊர்மக்களோ பஞ்சபாண்டவர் வந்து படுத்த இடம் என்று கதை கட்டி வைத்திருக்கிறார்கள். நாடு முழுதும் இத்தகைய கல்வெட்டுகளில் படுக்கையைக் கொடுத்தவன் பெயர் கிடைக்கும், ஊர் கிடைக்கும், சில இடங்களில் அரசன் பெயரும் கிடைக்கும். உளியைப் பிடித்தவன் பெயரைத் தேடினால் கிடைப்பது மிக மிக அரிது. செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குக் கதவுகளைப் பாருங்கள். பர்மாவிலிருந்து மரம் கொணர்ந்த செல்வர் பெயர் வீட்டு முகப்பிலே நிற்கிறது. கொட்டாப்புளி கொண்டு கொடியும் அன்னமும் கொத்திய தச்சன் பெயர் எங்கே? பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலே நல்லதங்காளையும் அல்லியையும் மரக்கட்டையில் வெட்டிப் பதித்தார்களே, சந்தையிலும் திருவிழாவிலும் சில அணாவுக்கு விற்றதே, அந்தக் கட்டை வெட்டியவர் யார்? நமக்கும் ஒரு மரக்கட்டை மரபு இருந்தது. ஹொகுசாய் என்று சொல்ல ஒரு பெயரை மட்டும் நாம் காப்பாற்றவில்லை. எழுதுகிறவன் உயர்ந்தவன், செதுக்குகிறவன் தாழ்ந்தவன் என்று பிறப்பிலேயே பிரித்து வைத்த நாட்டில் வேறு என்ன நடக்கும்?

இனி மதுரைக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் இறுதியில் 19 வயதான மூத்த மகன் தோஷியை அழைத்துக்கொண்டு யோஷிடா இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் புறப்பட்டார். 1931இல் திரும்பிய பிறகு, கண்ட காட்சிகளை முப்பது அளவிலான அச்சோவியங்களாகத் தொடர்ந்து வெளியிட்டார். தாஜ்மகால் மட்டும் ஆறு. நிலவிலும் காலைப் பனியிலும் அது கனவு போல மிதக்கிறது. காசியின் படித்துறை, கஞ்சன்ஜங்கா சிகரம், உதயப்பூர் ஏரி அரண்மனை, அமிர்தசரசின் பொற்கோயில், சாஞ்சி, அஜந்தா, எல்லோரா. தெற்கே வந்து மதுரை. சிங்கப்பூரும் ரங்கூனும் உண்டு.

அவர் வந்து போனது எந்த இந்தியாவுக்கு? உப்புப் போருக்குச் சென்று ஆயிரமாயிரம் பேர் சிறையில் கிடந்த இந்தியாவுக்கு. அந்தத் தொடரை வரிசையாக வைத்துப் பார்த்தால் கிடைப்பது அரண்மனை, கல்லறை, கோயில், குகை, மலை, நீர். இடையிடையே பாம்பாட்டியும் ஒட்டகக் கூட்டமும். அயல்நாட்டுச் சுற்றுலாக்காரன் எந்த இந்தியாவைக் காண விரும்பினானோ, பெரும்பாலும் அந்த இந்தியா. ஒளி விழுந்த இடமெல்லாம் உண்மை. ஒளி விழாத இடம் நிறைய இருந்தது.

மதுரையைப் பற்றி மட்டும் சொல்கிறோம். அந்தப் பெருங்கோயிலின் எழிலை யோஷிடா தாளில் சுருட்டிக் கடல் கடந்து எடுத்துச் சென்ற நாளில், மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியிலே கக்கன் என்னும் இளைஞர் இருந்தார். 1908இல் பிறந்தவர், அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. கொட்டாம்பட்டிக்கும் மேலூருக்கும் இடையில் பிறந்த அந்தத் தமிழர், நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருந்த அந்தக் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. பிறப்பு குறுக்கே நின்றது. ஆதித்திராவிடர்க்கும் நாடார்க்கும் அந்தக் கதவு திறந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் சென்ற அந்தச் சிறு கூட்டத்தில் கக்கனும் ஒருவர். பின்னாளில் அமைச்சராகி, தூய்மைக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்து 1981இல் மறைந்தவர் அவரே. வந்தவர்கள் தீட்டு என்று சொல்லிப் பட்டர்கள் சிலர் கோயில் பணியை விட்டு வெளியேறியதும் வரலாறு.

ஆண்டவன் பெயரைச் சொல்லி மனிதனை வெளியே நிறுத்திய அந்தக் கதவை, ஒளியின் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்டுகொண்ட அந்தக் கண் கண்டுகொள்ளவில்லை. 96 முறை அச்சிட்டாலும் தெரியாத நிழல் அது.

இது நியாயமா என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பர். சில நாள் தங்கிப் போன விருந்தினர்; மொழி தெரியாது; ஓவியர்தாமே, ஆய்வுக் குழுத் தலைவரா? மலையை வரைபவனிடம் மலையடிவாரத்துக் கூலி விகிதத்தைக் கேட்கலாமா? கேள்வியில் பாதி நியாயம் உண்டு. அழகை அழகு என்று காட்டுவது குற்றமன்று. பனி படர்ந்த படகைப் பார்த்து ஒரு கணம் வாய் மூடி நிற்பவன் பகுத்தறிவை இழந்துவிடுவதில்லை. கலையெல்லாம் முழக்க அட்டையாக வேண்டும் என்போர் கட்சியில் நாம் சேரவில்லை.

ஆனால் மறு பாதிக்கு விடை சொல்ல 1931ஆம் ஆண்டையே சாட்சிக்கு அழைப்போம். அந்த ஆகஸ்டு மாதத்தில், யோஷிடாவின் இந்தியத் தொடர் உருவாகிவந்த அதே கோடையில், சீனத்து ஷாங்காய் நகரில் எழுத்தாளர் லூ சுன் ஒரு சிறு வகுப்பு நடத்தினார். மாணவர் 13 பேர். ஆறு நாள். கற்பித்தவர் காக்கிச்சி உச்சியாமா என்னும் ஜப்பானிய ஆசிரியர். லூ சுன் அருகிருந்து மொழிபெயர்த்தார். கற்பித்த பொருள் மரக்கட்டை செதுக்குவது. எண்ணெய் வண்ணம் வாங்கக் காசில்லாத நாட்டில், ஒரு பலகை, ஓர் உளி, கொஞ்சம் மை இருந்தால் நூறு தாள் அடித்து ஊருக்குக் கொடுக்கலாம் என்பதே அந்தப் பெரியவரின் எண்ணம். செருமனியின் கேத்தே கோல்விட்சின் படங்களை அவர் சீன இளைஞர்க்கு அறிமுகப்படுத்தினார். அந்த வகுப்பிலிருந்தும் அதைத் தொடர்ந்தும் எழுந்த இளைஞர்கள் பஞ்சத்தை வெட்டினர். ரிக்ஷா இழுப்பவனை வெட்டினர். நாட்டின் மீது படையெடுத்தவனை எதிர்க்கும் கையை வெட்டினர். சிலர் அதற்காகச் சிறை சென்றனர். ஜப்பானியர் ஒருவர் கற்றுக்கொடுத்த உளிதான் அது.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். வங்கத்துச் சித்தப்பிரசாத் (1915–1978). 1943இல் இலட்சோபலட்சம் மக்கள் சோறின்றிச் செத்த பஞ்சத்தின்போது மிதுனபுரி மாவட்டத்தில் கால்நடையாகத் திரிந்து, கண்டதை வரைந்து, நூலாக்கினார். வெள்ளை அரசு அந்த நூலைப் பறித்து அழித்தது. பின்னர் அவர் கட்டையிலும் லினோலியத்திலும் செதுக்கிய உழவரும் குழந்தைத் தொழிலாளரும் ஏழ்மையில் வாழ்ந்து மறைந்த அவரைக் கடந்து இன்றும் நிற்கிறார்கள். தாளின் தரத்தில், வண்ணத்தின் நயத்தில், யோஷிடாவுக்கு அருகே அவரை வைக்க முடியாது. வைக்கவும் வேண்டியதில்லை. ஒருவர் பொழுதைக் கண்டவர். மற்றவர் பொழுது விடியாத வீட்டைக் கண்டவர்.

யோஷிடாவின் வாழ்க்கையில் நம்மை மிகவும் உறுத்துவது 1930களின் இறுதிப் பகுதி. சீனாவின் மீது ஜப்பான் போர் தொடுத்த பின், 1938 தொடங்கிப் போர்முனை ஓவியராக அங்கே அனுப்பப்பட்டார். சொந்த அரசின் சலுகையைக் கேட்காமல் கப்பல் ஏறிய அந்த இளைஞர், அறுபது வயதில் அந்த அரசின் படையோடு சென்றார். எதிர்ப்புறத்தில், லூ சுன் வழிவந்த இளைஞர்கள் உளியோடு இருந்தனர். போர் நாட்டில் மறுப்பது எளிதன்று என்பதை அறிவோம். மறுத்தவர்கள் பட்டதையும் அறிவோம். ஆயினும் அவர் புகழ் பாடும் நூல்கள் இந்தப் பக்கத்தை இரண்டு வரியில் கடந்து போவதை நாம் ஒப்ப முடியாது. மலைப் படத்துக்கு நாற்பது பக்கம் தருபவர், போர்ப் பயணத்துக்கு நான்கு பக்கமாவது தர வேண்டாமா?

அப்படியானால் இவரை ஒதுக்கிவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதே நம் விடை. ஓவியம் பயிலும் நம் இளைஞர் யோஷிடாவின் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரே கட்டையில் ஆறு பொழுது எடுத்த அந்தப் பொறுமையைக் கற்க வேண்டும். தலை வேறு, கை வேறு என்று பிரிக்காமல், தொழிலின் கடைசி முடிச்சு வரை தானே அவிழ்த்துப் பார்த்த அந்தப் பிடிவாதத்தைக் கற்க வேண்டும். கொள்கை நன்றாக இருக்கிறது, கோடு கோணலாக இருக்கிறது என்ற நிலையில் உள்ள படங்களை நம் பக்கத்து ஏடுகளிலும் சுவரொட்டிகளிலும் நிறையப் பார்த்துவிட்டோம். செதுக்கத் தெரியாதவன் கையில் உண்மையும் மழுங்கிப் போகும். கற்ற பின், ஓரத்தில் முத்திரை குத்தும்போது மட்டும், கட்டை வெட்டியவர் பெயரையும் தாள் தேய்த்தவர் பெயரையும் சேர்த்துப் போடட்டும். அதற்கு இன்னும் ஒரு சிறு கட்டை வேண்டும், அவ்வளவே.

போர் முடிந்தது. தோக்கியோ எரிந்து கிடந்தது. யோஷிடாவின் வீடு தப்பியது. வெற்றி பெற்ற அமெரிக்கரின் படை அலுவலர்களும் அவர்தம் மனைவியரும் அச்சோவியம் காண அங்கே வந்து போயினர். முதுமையும் தளர்ச்சியும் சேர்ந்த அந்த நாளில், 1946இல், அவர் ஒரே ஓர் அச்சோவியம் வெளியிட்டார். அதன் பின் வேறு அச்சு இல்லை; 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்தார். இமயத்தையும் ஆல்ப்சையும் தாஜ்மகாலையும் மதுரையையும் செதுக்க வைத்த அந்த மனிதர் கடைசியாகத் தேர்ந்த பொருள், ஓர் உழவர் வீடு.